வோபே எண் சொல்லாத சேதி

அலாஸ்காவின் கெனாய் முனையத்திலிருந்து 1969 முதல் ஜப்பானுக்குக் கப்பலேறிய எல்.என்.ஜி.யில் மீத்தேன் 99.8 சதவீதம். லிபியாவின் மர்ஸா எல் பிரேகா முனையத்துச் சரக்கில் அது 82 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மிச்சத்தில் 12 சதவீதத்துக்கு மேல் ஈத்தேன், மூன்றரை சதவீதம் அளவுக்குப் புரொப்பேன், கொஞ்சம் பியூட்டேன். சந்தையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், இயற்கை எரிவாயு.

பூமியிலிருந்து வந்தபடியே எடுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. 1959-இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட வயலின் வாயுவில் 14 சதவீதம் நைட்ரஜன். பிரான்சின் லாக் வயலில் ஏறக்குறைய 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு. இந்தோனேசியாவின் நட்டுனா வயலில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே 70 சதவீதத்தைத் தொடுகிறது; அதை எரிபொருள் என்று அழைக்கவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கந்தக வாயுவையும் கார்பன் டை ஆக்சைடையும் கழுவி நீக்கிய பிறகுதான் வாயு குழாய்க்கு வரும். ஆனால் ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், நைட்ரஜன் ஆகியவற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வயலுக்கு வயல், ஆலைக்கு ஆலை, சில நேரங்களில் நாளுக்கு நாள் மாறும்.

இந்த மாற்றம் எரிதலை எவ்வளவு பாதிக்கும்? அடுப்பும் கொதிகலனும் செய்கிறவரைக் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்பார். எரிவாயு இன்ஜின் செய்கிறவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மைதான், ஏனென்றால் அவர்கள் பேசுவது இரண்டு வேறு நிகழ்ச்சிகளைப் பற்றி. முதலாமவருக்கு வேண்டியது வெப்பம். இரண்டாமவரின் கவலை தீ எப்போது பற்றுகிறது என்பது. எரிவாயுத் தொழில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக வெப்பத்தை அளக்கும் ஓர் எண்ணை வைத்துக் காலம் தள்ளிவிட்டது. தீப்பற்றலைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்.

அந்த எண் வோபே எண். இத்தாலியரான கோஃப்ரெடோ வோபே 1926-இல் முன்வைத்தது. ஒரு துளை வழியாக வாயு பாயும் வேகம், அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். எனவே கன மீட்டருக்கான வெப்ப மதிப்பை ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் சமமாக உள்ள இரண்டு வாயுக்கள், ஒரே அழுத்தத்தில் ஒரே துளை வழியே ஒரே அளவு வெப்பத்தைத் தரும். சிலிண்டரிலிருந்து குழாய் வாயுவுக்கு மாறும் வீட்டில் அடுப்பின் ஜெட்டைக் கழற்றிவிட்டுத் துளை பெரிதான வேறொன்றைப் பொருத்துகிறார்களே, சென்னையில் இப்போது வீடு வீடாக நடக்கும் அந்த வேலைக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான். பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டு விதிகள் வோபே எண்ணைக் கன மீட்டருக்கு 47.20 முதல் 51.41 மெகாஜூலுக்குள் கட்டிப்போட்டன.

வோபே எண் எவ்வளவு கனமான விஷயம் என்பதை இரண்டு நாடுகள் செலவழித்துக் கற்றன. பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை வட கடல் வாயுவுக்கு மாறியபோது ஏறக்குறைய 4 கோடி சாதனங்களை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அதுவரை அங்கே எரிந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த நகர வாயு; அதில் பாதியளவு ஹைட்ரஜன். நெதர்லாந்தின் கதை இன்னும் வேடிக்கை. அந்நாட்டு வீடுகளின் பர்னர்கள் எல்லாம் நைட்ரஜன் மிகுந்த க்ரோனிங்கன் வாயுவுக்கென்றே செய்யப்பட்டவை. வாயு எடுத்ததால் நிலம் நடுங்கத் தொடங்கியது. 2012-இல் ஹவுசிங்கா கிராமத்தில் 3.6 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு உற்பத்தி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2023 அக்டோபரில் நின்றது. பர்னர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் நல்ல வாயுவில் வேண்டுமென்றே நைட்ரஜனைக் கலந்து, பழைய வயலின் வாயுவைப் போலவே ஆக்கி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அதற்கென்றே ஸௌட்ப்ரூக்கில் பெரிய நைட்ரஜன் ஆலை ஒன்றைக் கட்டினார்கள்.

நைட்ரஜன் கலக்கும் இந்த வழிதான் என் சந்தேகத்தின் தொடக்கம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தூய மீத்தேனின் வோபே எண் ஏறக்குறைய 50.7. மீத்தேன் 85, ஈத்தேன் 12, புரொப்பேன் 3 என்ற கலவைக்கு அது 53.4, பிரிட்டனின் மேல் வரம்பைத் தாண்டிவிட்டது. அதில் 4 சதவீதம் நைட்ரஜனைச் சேர்த்தால் 50.8-க்கு இறங்கிவிடும். இப்போது தூய மீத்தேனும் இந்தக் கலவையும் வோபே எண்ணின் கண்ணில் இரட்டைப் பிள்ளைகள். சுங்கச் சாவடியில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஈத்தேனும் புரொப்பேனும் எங்கேயும் போய்விடவில்லை. இன்ஜின் சிலிண்டருக்குள் இந்த இரண்டு வாயுக்களும் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும்.

காரணம் மீத்தேனின் பிடிவாதம். சுரங்க விபத்துகளைத் தடுக்க 1815-இல் ஹம்ஃப்ரி டேவி, மீத்தேனே பெரும்பகுதியான சுரங்க வாயுவை ஆராய்ந்தபோதே இது வெளிப்பட்டது. செக்கச்செவேலென்று கனன்ற கரி, வெடிக்கக்கூடிய விகிதத்தில் காற்றுடன் கலந்திருந்த அந்த வாயுவைப் பற்றவைக்கவில்லை. இன்றைய அட்டவணைகளில் மீத்தேன் தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை 540 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. புரொப்பேனுக்கு 450 முதல் 470 வரை. பியூட்டேனுக்கு 400-ஐ ஒட்டி. எண்கள் நூலுக்கு நூல் சற்று மாறும், ஏனென்றால் அவை அளந்த கலத்தின் அளவையும் வடிவத்தையும் பொறுத்தவை. வரிசை மட்டும் மாறாது.

மீத்தேனில் ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்தெடுக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். ஈத்தேனில் 420-ஐ ஒட்டி. புரொப்பேனின் நடுக் கார்பனில் அதைவிடவும் குறைவு. ஆனால் பிணைப்பின் வலிமை கதையில் பாதிதான். பிய்த்த பிறகு மிஞ்சுவது என்ன செய்கிறது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. உயர் வெப்பநிலையில் எரிதலை ஓட்டுவது ஒரே ஒரு வினை என்று சொல்லிவிடலாம்: தனித்த ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறை மோதி இரண்டு தனி உறுப்புகளாக உடைப்பது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும்போதுதான் தீ பிறக்கிறது. மீத்தேன் இந்தப் பெருக்கத்தை இரண்டு வழிகளில் கெடுக்கிறது. ஆக்சிஜனைத் தேடிப் போக வேண்டிய ஹைட்ரஜன் அணுவைத் தானே வாங்கிக்கொண்டு மெத்தில் உறுப்பைத் தருகிறது. அந்த மெத்திலோ சோம்பேறி. ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரியாது. இரண்டு மெத்தில்கள் சந்தித்தால் கைகோத்து ஈத்தேனாகிவிடுகின்றன, சங்கிலி அங்கேயே அறுகிறது.

ஈத்தேனிலிருந்து பிறக்கும் எத்தில் உறுப்பு இதற்கு நேரெதிர். வெப்பத்தில் அது உடனே உடைந்து எத்திலீனையும் ஒரு ஹைட்ரஜன் அணுவையும் தருகிறது. பெருக்கத்துக்கு வேண்டிய அதே அணு. விறகடுப்பில் கட்டைக்கு முன்னால் சுள்ளி பற்றுவதைப் போல என்று பலர் விளக்குவார்கள். உவமை பாதிக்குத்தான் சரி. சுள்ளி கட்டைக்குத் தருவது வெப்பம். ஈத்தேன் மீத்தேனுக்குத் தருவது பெரும்பாலும் தனி உறுப்புகளை. வெப்பநிலை கண்டுகொள்ளும்படி ஏறுவதற்கு முன்பே வேலை நடந்துவிடுகிறது.

இதை அளக்கும் கருவி அதிர்ச்சி அலைக் குழாய். ஒரு தகட்டை உடைத்து அனுப்பும் அதிர்ச்சி அலை, வாயுக் கலவையை நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் ஆயிரம் கெல்வினுக்கு மேல் ஏற்றிவிடும். அப்போதிலிருந்து தீ பற்றும்வரை கழியும் நேரமே தீப்பற்றும் தாமதம். 1970-களின் தொடக்கத்திலேயே லிஃப்ஷிட்ஸ், பர்கட் முதலியோரின் குழாய்ச் சோதனைகள் ஒரு செய்தியைத் தெளிவாக்கின: மீத்தேனில் சிறிதளவு உயர் ஹைட்ரோகார்பனைச் சேர்த்தாலே தாமதம் வெகுவாகக் குறைகிறது. ஸ்படாசினியும் கோல்கெட்டும் 1994-இல் அதுவரையிலான தரவுகளைத் திரட்டி ஒரு சூத்திரத்தில் அடக்கினார்கள். அதைப் பார்த்தால் மீத்தேனின் செறிவு 0.66 என்ற நேர் அடுக்கில் நிற்கிறது; எரிபொருளே கூடினால் தீப்பற்றல் தாமதமாகிறது என்று பொருள். ஈத்தேன் முதலான கனமான வாயுக்களுக்கு அடுக்கு மைனஸ் 0.39. அவற்றின் அளவை இரண்டு மடங்காக்கினால் தாமதம் கால் பங்கு குறையும். பத்து மடங்காக்கினால் ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அடுக்கு மைனஸாக இருப்பதால், முதலில் சேரும் சிறுதுளிதான் அதிகம் சாதிக்கிறது. கெனாய் வாயுவுக்கும் 95 சதவீத மீத்தேன் வாயுவுக்கும் இடையிலுள்ள தூரம், 95-க்கும் 85-க்கும் இடையிலுள்ளதைவிடப் பெரியது.

இந்தச் சூத்திரத்தை நியாயமாகப் படிக்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன்படி 1400 கெல்வினிலிருந்து 1300-க்கு இறங்கினாலே தாமதம் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. கலவை எவ்வளவு முக்கியமோ, அதைவிட வெப்பநிலை முக்கியம். கலவையைக் குற்றம் சாட்டுவதற்கு முன் காற்று எவ்வளவு சூடாக வருகிறது என்று பார்ப்பது நல்லது.

சூத்திரங்களுக்குப் பிறகு கணினி மாதிரிகள் வந்தன. அவற்றில் மிகப் பெயர்பெற்றது ஜி.ஆர்.ஐ.-மெக் 3.0, 53 வேதிப் பொருள்கள், 325 வினைகள். 1000 முதல் 2500 கெல்வின் வரை, 10 வளிமண்டல அழுத்தம் வரைக்குமே அது சரிபார்க்கப்பட்டது என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்தார்கள். ஆனாலும் 30 வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் டர்பைனுக்கும், அதைவிட அதிக அழுத்தமும் குறைந்த வெப்பநிலையும் கொண்ட இன்ஜினுக்கும் அதை இழுத்துப் பொருத்திய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் புரொப்பேன் பேருக்குத்தான் உண்டு, பியூட்டேன் இல்லவே இல்லை. அந்த இடைவெளியை அடைக்கும் வேலையில் அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகக் குழுவின் பங்கு பெரிது. கனடாவின் ரோல்ஸ் ராய்ஸோடு சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மீத்தேன் 62.5 சதவீதம் மட்டுமே உள்ள, பென்டேன் வரை கலந்த செறிவான வாயுவைக்கூட உயர் அழுத்தத்தில் சோதித்தார்கள்.

இப்படிச் சோதித்ததில் வெளிப்பட்ட ஒரு திருப்பம் இன்ஜின்களுக்கு உயிர்நாடி. 1000 கெல்வினுக்குக் கீழே கதை மாறிவிடுகிறது. புரொப்பேனும் பியூட்டேனும் அங்கே ஆக்சிஜனை அப்படியே தம்மோடு இணைத்துக்கொண்டு, உள்ளுக்குள் ஹைட்ரஜனை இடம் மாற்றி, பெராக்சைடுகளாகி உடைந்து பெருகுகின்றன. பெட்ரோல், டீசல் போன்றவற்றின் வழி அது. மீத்தேனுக்கு அந்த வழி மூடியே இருக்கிறது. ஈத்தேனுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே குறைந்த வெப்பநிலையில், மீத்தேனுக்கும் அதன் கனமான உறவினர்களுக்கும் உள்ள தூரம் இன்னும் அகலமாகிறது.

எரிவாயு இன்ஜினில் தீப்பொறியிலிருந்து கிளம்பும் சுடர் சிலிண்டரைக் கடந்து செல்லும்போது, இன்னும் எரியாத மூலை வாயு நசுங்கிச் சூடேறுகிறது. சுடர் வந்து சேர்வதற்குள் அது தானாகத் தீப்பற்றிவிட்டால் இன்ஜின் தட்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜினில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் 0.11 மில்லி நொடி. இரண்டு மூன்று சதவீதப் புரொப்பேன் தாமதத்தில் கொஞ்சம் வெட்டினாலே போதும், பிஸ்டன் சேதமாகலாம். அதனால்தான் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் மீத்தேன் எண்ணை உருவாக்கியது. தூய மீத்தேனுக்கு 100, தூய ஹைட்ரஜனுக்கு 0. ஈத்தேனுக்கு 44 அளவில், புரொப்பேனுக்கு 34 அளவில், பியூட்டேனுக்கு 10 அளவில். மேலே நாம் கணக்குப் போட்ட இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு 100. மற்றதற்கு 70-ஐ ஒட்டித்தான். நைட்ரஜன் இதில் அநேகமாக எதையும் மாற்றாது.

கடலில் இந்தச் சிக்கல் தானாகவே வளரும். எல்.என்.ஜி. தொட்டியிலிருந்து அன்றாடம் 0.1 சதவீத அளவில் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196, மீத்தேனுக்கு மைனஸ் 161.5, ஈத்தேனுக்கு மைனஸ் 88.6, புரொப்பேனுக்கு மைனஸ் 42. முதலில் பறப்பவை நைட்ரஜனும் மீத்தேனும். ஆவியை மட்டும் எரிக்கும் கப்பலுக்கு இது வசதி. தட்டாத வாயு கிடைக்கிறது. ஆனால் தொட்டியில் கிடக்கும் திரவம் நாளாக ஆகக் கனத்துக்கொண்டே போகும். துறைமுகத்தில் நிரப்பியபோது தாளில் எழுதிய மீத்தேன் எண், பல வாரம் கழித்து அந்தத் திரவத்தை இன்ஜினுக்கு அனுப்பும்போது செல்லாது.

கேஸ் டர்பைன்களில் தட்டல் என்பதே இல்லை. அங்கே பிரச்சினை வேறு உருவில் வரும். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக இப்போதைய டர்பைன்கள் எரிவாயுவை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காற்றோடு முன்கூட்டியே கலந்து, பிறகு எரிக்கின்றன. கலக்குமிடத்தில் வாயு தங்குவது சில மில்லி நொடிகள். மீத்தேன் மட்டும் என்றால் அதற்குள் பற்ற வாய்ப்பில்லை. பென்டேனும் அதற்கு மேற்பட்டவையும் குளிர்ந்து துளிகளாகி உள்ளே வந்துவிட்டால் அந்த நம்பிக்கை போயிற்று. தயாரிப்பாளர்கள் எரிவாயுவைப் பனிநிலைக்கு மேல் 28 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

கலவையின் செல்வாக்கை ஒளிவுமறைவில்லாமல் காட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. ஏ.பி.பி. தொடங்கி அல்ஸ்டாம் வளர்த்த ஜி.டி.24, ஜி.டி.26 டர்பைன்களில் இரண்டு எரிகலங்கள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதில் தீப்பொறி கிடையாது. முதல் கலத்திலிருந்து 1000 டிகிரி அளவில் வரும் சூடான வாயுவில் எரிபொருளைத் தெளித்தால், அது தானாகவே பற்ற வேண்டும். சுடர் எங்கே நிற்கும் என்பதைத் தீப்பற்றும் தாமதமே முடிவு செய்கிறது. ஈத்தேன் கூடினால் சுடர் முன்னால் நகர்ந்து தெளிப்பானை நெருங்கும். குறைந்தால் பின்னால் தள்ளிப் போய், முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு வெளியேறும். மற்ற டர்பைன்களில் மறைமுகமாக நடப்பது இங்கே நேரடியாகத் தெரிகிறது.

சுடர் நகர்வதால் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிகலத்தின் ஒலி அதிர்வும் வெப்பம் வெளிப்படும் தருணமும் ஒத்துப்போனால் அதிர்வு பெருகும் என்று 1878-லேயே ராலே பிரபு சொன்னார். எரிபொருள் தெளிப்பானிலிருந்து சுடருக்குப் போய்ச்சேரும் நேரம் கலவையால் மாறும்போது, நேற்றுவரை அமைதியாக ஓடிய டர்பைன் இன்று அதிரத் தொடங்கலாம். இந்த அதிர்வை முன்கூட்டியே கண்டறியும் வழிகளில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுஜித் குழு உலக அளவில் கவனிக்கப்படும் வேலையைச் செய்திருக்கிறது.

கலவையில் வரும் நைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டும் சுடரைக் குளிர்வித்து, வேகத்தைக் குறைக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக ஹைட்ரஜன் அணுக்களையும் கொஞ்சம் விழுங்கிவிடும். சாண எரிவாயுச் சுடர் சோம்பலாக இருப்பதன் பின்னணி அது.

எல்லாக் கணக்கையும் இப்போது கலைத்துப் போட வந்திருப்பது ஹைட்ரஜன். டெல்லியின் ராஜ்காட் பணிமனையில் 2020-இல் 18 சதவீத ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யைப் பேருந்துகளில் சோதித்தார்கள். குஜராத்தின் கவாஸில் தேசிய அனல் மின் கழகத்தின் குடியிருப்பில் 2023 முதல் சமையல் குழாயில் ஹைட்ரஜன் கலந்து செல்கிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 20 சதவீதம் வரை கலந்து பார்த்தார்கள். மீத்தேனில் 20 சதவீதம் ஹைட்ரஜன் என்றால் வோபே எண் 5 சதவீத அளவே குறைகிறது. பழைய வரம்புக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நொடிக்கு 40 செ.மீ. அளவில் ஓடும் மீத்தேன் சுடரோடு, அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும் ஹைட்ரஜன் சுடர் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. பற்றவைக்க மீத்தேனுக்கு 0.28 மில்லிஜூல் தேவைப்படும் இடத்தில், தனி ஹைட்ரஜனுக்கு 0.02 போதும். இவ்வளவு பாடுபட்டும் கன்னத்தில் அறையும் சேதி: எரிசக்தியில் ஹைட்ரஜனின் பங்கு 7 சதவீதம்தான், கார்பன் குறைவதும் அவ்வளவே.

மீத்தேன் எண்ணும் ஹைட்ரஜனிடம் தடுமாறுகிறது. அந்த அளவுகோலே மீத்தேன்-ஹைட்ரஜன் கலவையைக் கொண்டு வகுக்கப்பட்டதால், 20 சதவீதக் கலவைக்கு எண் 80 என்பது வரையறையிலேயே வந்துவிடுகிறது. சில சதவீதப் புரொப்பேனைக் கலந்தும் அதே 80-ஐ எட்டலாம். ஆனால் ஹைட்ரஜன் இன்ஜினைத் தட்டவைப்பது பெரும்பாலும் சுடர் வேகத்தைக் கூட்டி, அழுத்தத்தை ஏற்றுவதால். புரொப்பேன் தட்டவைப்பது குறைந்த வெப்பநிலைப் பெராக்சைடு வழியாக. உயர் அழுத்தத்தில், 1000 கெல்வினுக்குக் கீழே ஹைட்ரஜன் அணு ஆக்சிஜனை உடைக்காமல் அதோடு ஒட்டிக்கொள்கிறது; தீப்பற்றலைத் துரிதப்படுத்தும் அதன் ஆற்றல் அங்கே வெகுவாக மங்கிவிடும். எண் ஒன்றாக இருந்தும் இரண்டு இன்ஜின்களின் அனுபவம் வேறாகப் போகிறது.

தரத்தை வகுப்பவர்கள் இந்தக் குழப்பத்தை உணராமல் இல்லை. 2015-இல் ஐரோப்பாவின் இ.என். 16726 தரம் வெளிவந்தபோது, மீத்தேன் எண் 65-க்குக் குறையக் கூடாது என்று எழுத முடிந்தது. வோபே எண்ணுக்கு நாடுகளிடையே உடன்பாடு எட்டப்படாமல் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டது. இன்ஜின் செய்பவர்கள் 65 போதாது என்றார்கள். வாயு விற்பவர்களுக்கு 65-உம் அதிகம்தான்.

இந்தியாவில் கலவையை மாற்றுவது தரத்தைவிட வணிகம்தான். கத்தாரிலிருந்து தஹேஜ் முனையத்துக்கு வந்த செறிவான எல்.என்.ஜி.யிலிருந்து ஈத்தேனையும் புரொப்பேனையும் ஓ.என்.ஜி.சி. பிரித்து, பிளாஸ்டிக் ஆலைக்குத் தருகிறது. மெலிந்த வாயு குழாயில் போகிறது. 2024 பிப்ரவரியில் பெட்ரோநெட் நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 2028 முதல் கத்தாரே ஈத்தேனை எடுத்துக்கொண்டு மெலிந்த வாயுவை அனுப்பும். பிளாஸ்டிக் ஆலைக்கு அது தலைவலி. இன்ஜின் வைத்திருப்பவருக்கோ கேட்காமலே கிடைத்த வரம்.

ஒற்றை எண்ணின் மீதான நம்பிக்கை குறைந்து வருவதற்கு நல்ல அடையாளம் க்ரோனிங்கனில் உள்ள டி.என்.வி. ஆய்வகத்தின் முறை. பழைய இன்ஜின் சோதனைகளின் வரைபடத்தைப் புரட்டாமல், சிலிண்டரின் மூலை வாயு எப்போது தானாகப் பற்றும் என்பதை வினைகளைக் கொண்டே கணக்கிட்டு, அதை மீத்தேன் எண்ணாக மாற்றித் தருகிறது. கப்பல் எரிபொருளான எல்.என்.ஜி.க்கு 2020-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 23306 தரத்தின் பின்னிணைப்பில் இந்த முறையும் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் எம்.டபிள்யூ.எம். என்ற இன்னொரு கணக்கு முறையும் இருக்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டும் ஒரே எண்ணைத் தருவதில்லை. எந்த முறையில் கணக்கிட்டது என்று சொல்லாமல் மீத்தேன் எண்ணை மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் இன்ஜின்காரருக்குப் பயன்படும் தகவல் பாதிதான் இருக்கிறது.